பெருகிவரும் நீரிழிவு: பழி யாரைச் சாரும்?

விருந்தினர் ஒருவர் இல்லம் தேடி வந்தால், காப்பி கலக்குமுன் இன்று நம் இல்லத்தரசியர் தவறாது ஒரு வினா எழுப்புகின்றனர்: "சர்க்கரை போடலாமா?" ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு கேட்டிருந்தால், இவ்வீட்டில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு போலும் என்று விருந்தினர் எண்ணியிருப்பார். இன்றோ கேளாதிருப்பதே விருந்தோம்பலில் குறை எனக் கருதப்படுகிறது. "எனக்கு வேண்டாம், அவருக்கு அரைக் கரண்டி" என்ற மறுமொழியும் உடனே வருகிறது. அதைக் கேட்டு வியப்போர் எவருமிலர்.

இச்சிறு உரையாடலுள் ஒரு தலைமுறையின் உடல்நல வரலாறே அடங்கிக் கிடக்கிறது. நீரிழிவு நோய் புதியதன்று. நம் பண்டை மருத்துவர்கள் அதனை மதுமேகம் எனப் பெயரிட்டு அறிந்திருந்தனர். புதியது அதன் பெருக்கமே. செல்வர் வீட்டு நோய் என ஒரு காலத்தில் பேசப்பட்டது, இன்று அன்றாடங்காய்ச்சியின் குடிசையிலும் புகுந்துவிட்டது. இஃது எவ்வாறு நேர்ந்தது? "நாவை அடக்கத் தெரியாதவர்கள் அனுபவிக்கிறார்கள்" என்று பலரும் எளிதிற் கூறிவிடுகின்றனர். அக்கூற்று மெய்தானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்கள் கூறும் வரலாறு

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ஆம் ஆண்டு மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவு நோய்க்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். நம் நாட்டில் இத்தகைய பிரிவு அதுவே முதலாவது. அந்நாளில் இந்நோய்க்கெனத் தனியிடம் வேண்டும் என்று கருதியோர் மிகச் சிலரே.

அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1972 முதல் 1975 வரை நாட்டின் பல மையங்களில் ஆய்வு நடத்திற்று. நகரங்களில் நூற்றுக்கு 2.1 பேருக்கும், சிற்றூர்களில் நூற்றுக்கு 1.5 பேருக்கும் நீரிழிவு இருப்பதாக அப்போது அறியப்பட்டது. 1989-இல் சென்னை மாநகரில் வயது வந்தோரிடையே எடுத்த கணக்கில் இது நூற்றுக்கு 8.3 ஆக இருந்தது. 1995-இல் 11.6 ஆயிற்று, 2000-இல் 13.5 ஆயிற்று, 2004-இல் 14.3 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த ஏற்றம் இது.

நகரத்தார் நிலை இதுவானால், சிற்றூர்கள் தப்பினவா? தமிழகக் கிராமப்புறத்தில் 1989-இல் நூற்றுக்கு 2.2 பேரிடம் காணப்பட்ட இந்நோய், 2003-இல் மீண்டும் ஆய்ந்தபோது 6.3 பேரிடம் காணப்பட்டது. ஏறக்குறைய மூன்று மடங்கு!

அண்மையில் நாடு தழுவிய பேராய்வு ஒன்றினை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறைவேற்றியது. 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரை நேரிற் கண்டு, குருதியைச் சோதித்துத் திரட்டிய முடிவுகள் 2023 ஜூன் திங்களில் வெளியாயின. அவற்றின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு நோயர்; நகரங்களில் 16.4, சிற்றூர்களில் 8.9. 2021-ஆம் ஆண்டில் நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததெனக் கணித்துள்ளனர். நோயின் வாசற்படியில் நிற்போர் மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர். கோவாவிலும் புதுச்சேரியிலும் கேரளத்திலும் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் நோயுற்றுள்ளார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுவது நம் கடமை. இவ்வாய்வுகள் யாவும் ஒரே முறையில் நடந்தவை அல்ல. சோதனை வகையும், வயது வரம்பும், இடமும் வேறுபட்டன. ஆதலின் 1975-இன் எண்ணையும் 2023-இன் எண்ணையும் அருகருகே வைத்து, இத்தனை மடங்கு என்று அறுதியிட்டுரைத்தல் பொருந்தாது. மேலும், இப்பெருக்கத்தில் ஒரு பகுதி நற்செய்தியின் மறுபக்கமே. 1970-களின் தொடக்கத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 50 ஆண்டுகள். இன்று அது 70-ஐ எட்டியுள்ளது. வயது ஏற ஏற நீரிழிவும் மிகும். முன்பு நோயுற்று விரைவில் மாண்டவர், இன்று மருந்தின் துணையால் பல்லாண்டு வாழ்கிறார்; வாழ்வதால் கணக்கிலும் இடம்பெறுகிறார். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், நோய் பெருகியுள்ளது என்ற உண்மை மறைவதில்லை. முப்பது வயதிலேயே மாத்திரை விழுங்கும் இளைஞர்களை நம் குடும்பங்களிலேயே காண்கிறோமன்றோ?

ஏறிய எடை

நீரிழிவுடன் கைகோத்து வருவது உடற்பருமன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களுள் மிகை எடையினர் 2015-16-இல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21-இல் 40.4 பேர். ஆண்களுள் 28.2 பேர் 37.0 பேராயினர். ஐந்தே ஆண்டுகளில் இத்துணை ஏற்றம்! ஒரு காலத்தில் "உடம்பு தேறியிருக்கிறதே" என்பது நம்மிடையே வாழ்த்துரை. பஞ்சத்தையும் பசியையும் கண்ட முன்னோர்க்கு அது பொருத்தமான வாழ்த்தே. இன்று அவ்வாழ்த்து பொருளிழந்து வருகிறது.

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. பல்லாண்டுகளாக முறையாக மக்களின் எடையை அளந்துவரும் அமெரிக்க ஐக்கிய நாடுகளை நோக்குவோம். அங்கு 1960-62-இல் வயது வந்தோருள் நூற்றுக்கு 13 பேர் பருமனுற்றிருந்தனர். 1976-80-இல் 15 பேர். இருபது ஆண்டுகளில் பெரும் மாற்றம் ஏதுமில்லை. பின்னரோ, 1999-2000-இல் 30.5 ஆகவும், 2017-18-இல் 42.4 ஆகவும் உயர்ந்தது. அதன்பின் எடுத்த கணக்கிலும் அது நாற்பதுக்குக் கீழிறங்கவில்லை. உலகளவில், 2022-இல் பருமனுற்றோர் தொகை, சிறுவரையும் சேர்த்து, 100 கோடியைத் தாண்டியது.

இவ்வெண்களை ஊன்றிப் பார்ப்போர்க்கு ஒரு வினா எழும். 1980 வரை அளவோடு உண்ட அமெரிக்க மக்கள் அனைவரும் அவ்வாண்டிற்குப் பின் ஒருசேர நாவடக்கம் இழந்துவிட்டனரா? 1989-க்குப் பின் சென்னை மக்கள் ஒருமிக்கப் பெருந்தீனிக்காரர் ஆகிவிட்டனரா? மனித இயல்பு அவ்வாறு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாறுவதில்லை. பரம்பரைக் கூறுகளும் அத்துணை விரைவில் மாறுவதில்லை. மாறியது மனிதன் வாழும் சூழலே.

மாறிய சூழல்

நம் பாட்டனார் ஒரு வேளைக்கு உண்ட சோற்றின் அளவைக் கேட்டால் இன்றைய இளைஞர் மலைப்பர். ஆயினும் அவர் ஏற்றம் இறைத்தார், உழுதார், நான்கு கல் நடந்து சந்தைக்குப் போனார். பாட்டியார் நெல்லைக் குத்தினார், அம்மியில் அரைத்தார், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார், கிணற்றில் நீர் சேந்தினார். உண்ட சோறு உழைப்பில் எரிந்தது. இன்று நீரிறைக்க மோட்டார், உழ டிராக்டர், அரைக்க மிக்சி, ஆட்ட கிரைண்டர், அடுத்த தெருவுக்குப் போக இருசக்கர வண்டி, ஓய்வுக்குத் தொலைக்காட்சி, அதன்பின் கைப்பேசி. இவை தீயவை என நாம் கூறவில்லை. நம் பெண்மக்களின் முதுகை முறித்த உழைப்பைக் குறைத்தவை அவை. எனினும் உழைப்புக் குறைந்த அளவுக்குத் தட்டில் சோறு குறையவில்லை.

சோறும் முன்னைய சோறன்று. உமி நீங்கியும் தவிடு நீங்காத கைக்குத்தல் அரிசி போய், வெண்மையாகத் தீட்டிய அரிசி வந்தது. அதன் மாவுச்சத்து விரைவில் குருதியிற் கலக்கிறது. மேற்கூறிய பேராய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வெளியானது. இந்தியர் பெறும் உணவு ஆற்றலில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருவதாக அது கூறுகிறது. பருப்பும், காயும், மீனும், முட்டையும் விலையேற, வயிற்றை நிரப்பச் சோறே மலிவாக நின்றது. ஏழைக்குக் கிடைப்பது மலிவான சோறும், மலிவான எண்ணெயும், தேநீர்க் கடையின் சர்க்கரையுமே. அவனை நோக்கிப் பெருந்தீனிக்காரன் எனல் எவ்வாறு தகும்?

மெலிந்தவர்க்கும் ஏன்?

"அவர் ஒல்லியாகத்தானே இருக்கிறார், அவருக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?" என்று பலர் வினவுவர். இதற்குரிய விடையைப் புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தம் ஆய்வுகளால் விளக்கினார். 2004-இல் அவர் தம் உடலையும், இங்கிலாந்து நாட்டு மருத்துவ நண்பர் ஒருவரின் உடலையும் ஒப்பிட்டு வெளியிட்டார். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலிற் கொழுப்போ, ஆங்கிலேயரிடம் நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்கிடம் 21.2 பங்கு. தோற்றத்தில் மெலிவு, உள்ளே கொழுப்பு.

இது கருவிலேயே தொடங்குகிறது என்பதும் அவர்தம் குழுவினர் கண்ட உண்மை. புனே வட்டாரச் சிற்றூர்களிற் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை பெரிதும் குறைந்திருக்க, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைந்திலது. தாய்க்குக் கருவுற்ற காலத்தில் போதிய ஊட்டம் கிடையாமையே இதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அவ்வாறு பிறந்த குழந்தை வளர்ந்து, உழைப்புக் குறைந்த, உணவு மலிந்த சூழலில் வாழும்போது நீரிழிவு எளிதில் வந்தடைகிறது. ஆக, நாற்பது வயது மனிதரின் நோய்க்கு, அவர்தம் தாயார் உண்ணாதிருந்த உணவும் ஒரு காரணமாகிறது.

நோய் விளையும் முறை இது: உண்ட சோறு குளுக்கோசாக மாறிக் குருதியிற் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுள் செலுத்துகிறது. உழைக்கும் தசை அதை எரிக்கும். கல்லீரலிலும் வயிற்றறையிலும் கொழுப்புப் படிந்துவிட்டால் இன்சுலினின் ஆற்றல் குன்றும். அதனை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரந்து, பல ஆண்டுகளுக்குப் பின் களைத்துவிடும். அதன்பின்னரே சர்க்கரை ஏறும். இக்காரணத்தால்தான் நம்மவர்க்கு எடையினும் இடுப்பளவே சிறந்த எச்சரிக்கை என்பர். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. ஒரு தையல் நாடா போதும், செலவில்லை.

பழிச்சொல்லின் விளைவு

தலையான பாவங்கள் ஏழினுள் போசனப்பிரியமும் ஒன்று எனச் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அது பாவமே, ஐயமில்லை. ஆனால் நோயைக் கண்டு பாவத்தைக் கணித்தல் நம் வேலையன்று. இதனை நாம் கற்றது ஏட்டிலிருந்து அன்று.

நாம் அறிந்த கொத்தனார் ஒருவர் காலில் ஆறாத புண்ணுடன் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். நாம் சென்று கண்டபோது, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டிருந்தனர். நோய் இருப்பது முன்னரே தெரியாதா என்று வினவினோம். "ஆறு வருடமாகத் தெரியும், சாமி. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? குடும்பத்துக்கே சர்க்கரை என்று சொல்லிவிடுவார்களே என்று மாத்திரையை ஒளித்து வைத்து எப்போதாவது போட்டுக்கொண்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "தின்றே கெட்டவன் என்று சொல்வார்களே, சாமி" என்றார்.

அதற்கு முந்திய தவக்காலத்தில் நாம் ஆற்றிய மறையுரை நம் நினைவுக்கு வந்தது. போசனப்பிரியத்தைக் கண்டித்த நாம், இக்காலத்துச் சர்க்கரை நோய் அதன் கூலியே என்று எடுத்துக்காட்டாகக் கூறியிருந்தோம். அன்று அவரும் ஆலயத்தில் அமர்ந்திருந்தார். அவர்தம் காலை எடுத்தது நம் மறையுரைதான் என நாம் கூறவில்லை. ஆயினும் அவரைச் சோதனைச் சாலைக்குச் செல்லவொட்டாது தடுத்த வெட்கத்தில் நம் சொல்லுக்கும் பங்குண்டு. அன்றுமுதல் அவ்வெடுத்துக்காட்டை நாம் கூறுவதில்லை.

நீரிழிவு மறைந்திருந்து தாக்கும் நோய். வலிக்காது; பல ஆண்டுகள் தன்னை வெளிக்காட்டாது. அதற்குள் கண்ணின் விழித்திரையையும், சிறுநீரகத்தையும், கால் நரம்புகளையும், இதயத்தையும் அரித்துவிடும். காலந்தாழ்த்தாது கண்டறிந்து மருந்துண்பவர் நெடுநாள் நலமுடன் வாழ்கிறார். ஆதலின் ஒருவரை வெட்கமுறச் செய்து மறைக்கத் தூண்டும் எச்சொல்லும் அவருக்கு ஊறு விளைக்கும் சொல்லே.

மெய்ப்பிக்கப்பட்ட வழி

"சூழலே காரணம் எனில், தனிமனிதர் செய்யத்தக்கது யாதுமில்லையோ?" என்று கேட்பீர். உண்டு. மருத்துவர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நம் நாட்டில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை அவர்கள் பல குழுக்களாகப் பிரித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டுகளுக்குள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து, தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து, சர்க்கரையை விலக்கி, நார்ச்சத்தைக் கூட்டிய குழுவில் 39 பேரே நோயுற்றனர். பயிற்சி பெற்றும் நோயுற்றோர் 39 பேர் உளர் என்பதையும் மறவாதிருப்போம். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் நோய் வரக்கூடும். வந்தவரைக் குறைகூறாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே முப்பது வயது கடந்தோர் யாவரும் ஆண்டுக்கொருமுறை குருதிச் சோதனை செய்துகொள்வது நலம். பெற்றோருக்கு நோயிருந்தாலோ, இடுப்பளவு மிகுந்திருந்தாலோ, கருவுற்ற காலத்தில் சர்க்கரை ஏறியிருந்தாலோ இது இன்னும் இன்றியமையாதது. வெறும் வயிற்றில் எடுத்த அளவு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுசோதனையிலும் அவ்வாறே காணின் அது நீரிழிவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனைக்குக் கட்டணமில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடியே வந்து சோதித்தனர், மாத்திரையும் தந்தனர். அத்தகையோர் வாசலில் நிற்கும்போது, "எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை" என்று கூறி அனுப்பிவிடலாகாது.

இல்லத்திற் செய்யத்தக்கவை

சூழல் மாறியதால் வந்த நோயைச் சூழலை மாற்றியே தணிக்க வேண்டும். நாம் மாற்றக்கூடிய சூழல் நம் இல்லமே.

நோயுற்ற ஒருவருக்கென்று தனிச் சமையல் வேண்டா. அது அவரைத் தள்ளி வைத்தது போலாகும். தட்டிற் பாதி காயும் கீரையும், கால்பங்கு பருப்போ மீனோ முட்டையோ, எஞ்சிய கால்பங்கு சோறு என்னும் முறை வீட்டார் அனைவர்க்கும் ஏற்றது. கருப்பட்டியும், நாட்டுச் சர்க்கரையும், தேனும் தீங்கற்றவை என்றெண்ணி மிகுதியாகப் பயன்படுத்துவோர் பலர். பெயர் மாறினும் அவையும் சர்க்கரையே. கேழ்வரகையும் மாவாக அரைத்துக் கூழாக்கி வேண்டுமட்டும் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவே முதன்மையானது.

விளம்பரங்களை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடுதல் பேராபத்து. தவக்காலத்தில் நோன்பு நோற்க விழையும் நீரிழிவு நோயர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்க. இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரும். நோயாளரை உண்ணாநோன்புக்குத் திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை.

ஆண்மக்களுக்கு ஒரு சொல். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை ஏறினால் சமைத்தவளைக் கடிந்துகொள்ளும் வழக்கம் உண்டு. அனைவரும் உண்டபின் எஞ்சிய சோற்றை உண்டு, தன் நோயை இறுதியாகக் கவனிப்பவளும் அவளே. காலையில் அரைமணி நேரம் அவள் நடந்துவர, அந்நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்வது கணவரும் பிள்ளைகளும் செய்யத்தக்க நல்ல மருத்துவம். நம் பெண்பிள்ளைகளுக்கும், கருவுற்ற தாய்மார்க்கும் முட்டையும் பருப்பும் கீரையும் குறைவின்றித் தருதல் இன்னும் பிறவாத தலைமுறைக்கான தடுப்பு மருந்து.

பங்கிலும் சில செய்யலாம். அன்பியக் கூட்டங்களில் பிஸ்கட்டும் மிக்சரும் இனித்த தேநீருமே வைக்க வேண்டும் என்று விதியில்லை. சுண்டலும் கொய்யாத் துண்டுகளும் விலை மிகுந்தவை அல்ல. திருவிழா அசனத்தில் காய்கறிக்கு இன்னும் சற்றே இடம் தரலாம். இனிப்பை மறுப்பவரை, "ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதிருத்தல் எல்லாவற்றினும் எளிது.

மேற்கூறிய கொத்தனார் இன்று செயற்கைக் காலுடன் நடக்கிறார். மகளுக்கும் நல்ல இடத்தில் மணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார்க்கு எல்லாம் தெரிந்தே முடிந்தது. அண்மையில் அவர்தம் இல்லம் சென்றோம். காப்பி கலக்குமுன் அவர் மனைவியார், "சாமிக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டார். நம் இடுப்பளவும் எல்லையைத் தாண்டியிருப்பதைச் சென்ற திங்களில்தான் அளந்தறிந்திருந்தோம். "வேண்டாம் அம்மா" என்றோம். கொத்தனார் தம் கோப்பையை எடுத்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான், சாமி" என்றார். வெட்கம் ஏதுமின்றி அவர் கூறியது நம் செவிக்கு இனிதாயிருந்தது.